பழைய சுபாரு கியர்பாக்ஸ், புது இடம்: 14 மாதம், 6,000 மைல் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுபாரு காருக்கான விமர்சனம் இல்லை. 2004 இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றிலிருந்து கழற்றிய ஐந்து கியர் மேனுவல் பெட்டியை, ஃபேக்டரி ஃபைவ் 818 கிட் காரில் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கார்) என் முதுகுக்குப் பின்னால் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விமர்சனம் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். கிட் காரைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எல்லோரும் எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நடுவில் எஞ்சின் வைத்த காரைக் கட்டும்போது தூக்கத்தைக் கெடுப்பது எஞ்சின் இல்லை, டிரான்ஸ்ஆக்ஸில்.

அந்தச் சொல் புதிதாக இருப்பவர்களுக்கு: அம்பாசிடரின் அடியில் குனிந்து பார்த்திருந்தால் முன்னால் கியர்பாக்ஸ், நடுவில் நீளமாக ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னால் ஆக்ஸிலோடு டிஃபரென்ஷியல் (சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டம்) என்று மூன்றும் தனித்தனியாகத் தெரியும். மாருதி 800இன் பானெட்டைத் திறந்தால் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், அங்கிருந்தே இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகும். அதுதான் டிரான்ஸ்ஆக்ஸில். எஞ்சின் ஓட்டுநருக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உட்கார வேண்டுமென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு இடமே கிடையாது, ஆகவே வேறு வழியும் கிடையாது.

வீட்டில் கட்டுகிறவர்களுக்கு மிகச் சுலபமான வழி, முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் குறுக்காக இருக்கும் எஞ்சினையும் பெட்டியையும் அப்படியே அள்ளிக்கொண்டுபோய்ப் பின்னால் வைப்பது. ஃபியட் 1972இல் எக்ஸ்1/9 காரில் அதைத்தான் செய்தது, 128இன் சாமான்களை வைத்து. நம்ம ஊர்க் கதையும் இதேதான். கோயம்புத்தூர் கரிவரதன் செய்த ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் மாருதி 800இன் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சின்னப் பையனாக வேலியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்த நாளில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. (ஊரில் இப்படிக் கட்டி ரோட்டில் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பந்தயத் தடம் வேறு விஷயம்.)

எனக்கு ஆசை நெடுக்காக வைத்த எஞ்சின் மேல். அங்கேதான் திசைப் பிரச்சினை வருகிறது.

இதற்கு முன்னால் ஒரு வண்டி கட்டினேன். கட்டினேன் என்பது கொஞ்சம் அதிகம், யாரோ பாதியில் விட்ட ஃபைபர் பாடியையும் சட்டத்தையும் மலிவாக வாங்கி ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினையும் பெட்டியையும் அதில் வைத்தேன். பீட்டிலில் எஞ்சின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும், கியர்பாக்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு எஞ்சின் ஆக்ஸிலுக்கு முன்னால் வேண்டும், அதனால் முழுவதையும் நூற்றெண்பது டிகிரி திருப்பி மாட்டிவிட்டேன். ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஸ்டார்ட் செய்து, முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் சக்கரம் ஜோராகச் சுற்றியது, பின்பக்கமாக. இரண்டாவது போட்டேன், இன்னும் வேகமாகப் பின்பக்கமாக. ரிவர்ஸ் போட்டால் முன்னால் போகிறது. பக்கத்தில் காபிக் கோப்பையோடு நின்ற நண்பன் கீழே உட்கார்ந்துவிட்டான் சிரித்து. "ஏண்ணா, நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டு. சர்க்கஸ்காரன்கிட்ட வித்துடலாமா?"

காரணம் ரொம்ப எளிது, ஆனால் கையில் வைத்துப் பார்க்கும்வரை புரியாது. ஒரு பென்சிலை விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள், அது பினியன், கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் சின்னப் பல்சக்கரம். அதன் முனையில் இடப்பக்கமாக ஒரு தட்டை உரச விட்டால் தட்டு ஒரு திசையில் சுற்றும், வலப்பக்கம் உரச விட்டால் எதிர்த்திசையில் சுற்றும். அந்தத் தட்டுதான் கிரவுன் வீல், டிஃபரென்ஷியலைச் சுற்றும் பெரிய பல்சக்கரம். பெட்டியைத் திருப்பி வைத்தால் சக்கரம் தலைகீழாகச் சுற்றும், அதைச் சரிசெய்யக் கிரவுன் வீலைப் பினியனின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். 1966இல் லோட்டஸ் யூரோப்பாவுக்கு ரெனோ 16இன் எஞ்சினையும் பெட்டியையும் எடுத்துத் திருப்பி வைத்தபோது லோட்டஸ்காரர்களும் கிரவுன் வீலைப் பக்கம் மாற்றித்தான் கட்டினார்கள். போர்ஷே 914இல் இருப்பது 911இன் பெட்டிதான், திருப்பியிருக்கிறார்கள், கிரவுன் வீல் பக்கம் மாறியிருக்கிறது.

பீட்டில் பெட்டியில் இதை வீட்டிலேயே செய்யலாம். செய்தேன். பக்கத் தட்டுகளைக் கழற்றி, டிஃபரென்ஷியலை மறுபக்கமாகத் திருப்பி, ஷிம்களை (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) கணக்குப் பார்த்து மாற்றி, பேக்லாஷை, அதாவது பல்லுக்குப் பல் இருக்கும் தளர்வை, டயல் கேஜ் வைத்து அளந்து, மறுபடி கழற்றி, மறுபடி ஷிம். மூன்று வார இறுதிகள். ஆனால் எல்லாப் பெட்டியிலும் இது நடக்காது, இதை நிறைய பேர் பணத்தைக் கட்டிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். போர்ஷே ஜி50, 1987இல் 911க்கு வந்தது, அருமையான பெட்டி. அதன் கிரவுன் பினியன் ஹைப்பாய்ட் வகை, அதாவது பினியன் கிரவுன் வீலின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லாமல் மேலோ கீழோ விலகி உட்காரும். கிரவுனை மறுபக்கம் மாற்றினால் அந்த விலகல் ஒத்துவராது, பல் சேராது. அதனால் பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்து மாட்டுகிறார்கள், அல்லது எதிர்த்திசைக்கென்றே வெட்டிய கிரவுன் பினியன் செட் வாங்குகிறார்கள். கவிழ்த்தால் ஆயில் மட்டம், காற்றுத் துளை, கியர் லிங்கேஜ் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். காசு இருக்கிறவர்கள் செய்யட்டும்.

இப்போது சுபாருவுக்கு வருகிறேன். இம்ப்ரெசாவில் எஞ்சின் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால், மூக்கில் இருக்கிறது. அதற்குப் பின்னால் கிளட்ச், கிளட்சுக்கு ஒட்டினாற்போல முன் டிஃபரென்ஷியல், அதற்கும் பின்னால் கியர்கள், கடைசியில் வால், அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட். இந்த மொத்த வரிசையையும் எதையும் திருப்பாமல் நேராகப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், முன் ஆக்ஸில் இருந்த இடத்தில் இப்போது பின் ஆக்ஸில் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் தானாகவே ஆக்ஸிலுக்கு முன்னால் வந்துவிட்டது! திசை மாறவில்லை. கிரவுன் வீலைத் தொடவேண்டாம். ஆயில் எந்தக் கோணத்தில் தேங்கும் என்று சுபாரு வடிவமைத்ததோ அதே கோணம். ஆடி பெட்டிகளிலும் இதே வசதி உண்டு, எஞ்சின் ஆக்ஸிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குலம் என்பதால். 818ஐ வடிவமைத்தவர்கள் இம்ப்ரெசாவைத் தேர்ந்தெடுத்ததன் அழகு எனக்கு இங்கேதான் தெரிந்தது. (818 என்பது அவர்கள் குறிவைத்த எடை, கிலோவில். என்னுடையது பெட்ரோல் நிரப்பித் தராசில் ஏற்றியபோது 871. நான் கேட்கவில்லை, தராசுதான் சொன்னது.)

செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் பெட்டியை இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போகும்படி மாற்றுவது. உள்ளே பார்த்தால் வியப்பாக இருக்கும். கியர்கள் ஓட்டும் கீழ் ஷாஃப்ட் உள்ளீடற்ற குழாய். வாழைமட்டைக்குள் தண்டு இருப்பதுபோல அதற்குள்ளே முன் டிஃபரென்ஷியலுக்குப் போகும் பினியன் ஷாஃப்ட் ஓடுகிறது. குழாய் பின்னால் போய் நடு டிஃபரென்ஷியலைச் சுற்றுகிறது, அது சக்தியைப் பங்கு போட்டு ஒரு பாதியை உள்தண்டு வழியாக முன்னால் திருப்பி அனுப்புகிறது, மறு பாதியை வால் வழியாகப் பின்னால் அனுப்புகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டிஃபரென்ஷியலுக்கு எந்தப் பக்கம் சும்மா சுற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் பிடிக்கும், வால் வெறுமனே சுழலும், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றக் கெட்டித் திரவத்தால் இழுத்துப்பிடிக்கும் விஸ்கஸ் கப்ளிங் நடுவில் இருக்கிறதே, அது கொஞ்ச நேரம் இழுத்துப்பிடித்துச் சூடாகிச் செத்துப்போகும். ஆகவே நடு டிஃபரென்ஷியலை வெளியே எடுத்துவிட்டு, குழாயையும் தண்டையும் ஒன்றாகப் பூட்டும் ஒரு ஸ்பூலை அந்த இடத்தில் போட்டு, வாலின் கடைசித் துண்டுக்குப் பதில் தட்டு அடித்து மூட வேண்டும். கையடக்கமான ஒரு பல்வெட்டிய உருளை, பார்த்தால் இதற்கா இவ்வளவு காசு என்று இருக்கும்.

நான் கேட்ட ஒரு மெஷின் ஷாப்காரர், பெயர் வேண்டாம், ஸ்பூல் எல்லாம் எதற்கு, பழைய நடு டிஃபரென்ஷியலுக்குள்ளேயே வெல்டு அடித்துத் தருகிறேன் என்றார். சிலர் அப்படி ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் வாலுக்குப் போகும் கியர்கள் வேலையே இல்லாமல் ஆயிலைக் கலக்கிக்கொண்டு சுற்றும், வெல்டிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்தால் அது போகும் இடம் கிரவுன் பினியன், ஏனென்றால் இந்தப் பெட்டியில் கியருக்கும் டிஃபரென்ஷியலுக்கும் ஒரே ஆயில். ஸ்பூல்தான் போட்டேன். எஞ்சினை இறக்காமலே, பின் பம்பரைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வேலையை முடிக்கலாம், 818இல் கியர்பாக்ஸின் வால் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் முடிந்தது. பீட்டிலோடு கழித்த அந்த மூன்று வார இறுதிகளை நினைத்துக்கொண்டேன்.

இனி குறைகள். முதல் தலைவலி கியர் லீவர். இம்ப்ரெசாவில் லீவர் பெட்டியின் வாலுக்கு மேலேயே இருக்கும், ஒரு கம்பி போதும். இங்கே லீவர் முன்னால், பெட்டிக்குள் கியர் மாற்றும் கம்பி நுழையும் இடம் கடைசியில், இரண்டு கேபிள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஒன்று முன்-பின், ஒன்று இடம்-வலம். நான் சீட்டில், அதே நண்பன் பின்னால் தரையில் படுத்துக்கொண்டு.

"மூணு போடுண்ணா."

"போட்டாச்சு."

"இங்க அஞ்சு விழுந்திருக்கு."

கேபிள் முனையை நாலு சுற்று உள்ளே திருகினேன். இப்போது மூன்று சரி, ஒன்று விழவில்லை. இடம்-வலக் கேபிளின் நீளம் ஒரு நூல் தப்பினால் ஐந்து கேட்டால் மூன்று வரும். நெடுஞ்சாலையில் நாலிலிருந்து ஐந்துக்குப் போகிறேன் என்று நினைத்து மூன்றில் விட்டால் எஞ்சின் கதறும் கதறல் இருக்கிறதே, ஒரு தடவை கேட்டேன், போதும். அந்த மாலை முழுக்க அதிலேயே போனது. இன்றும் லீவரில் கொஞ்சம் ரப்பர்த்தன்மை இருக்கிறது, டபிள்யூஆர்எக்ஸை நேரடியாக ஓட்டியவர்களுக்கு இது பிடிக்காது.

இரண்டாவது என் முட்டாள்தனம், பெட்டியின் குற்றம் இல்லை. இந்த எஞ்சினில் டர்போ பின்பக்கம் வலது ஓரத்தில் இருக்கும், பின்னால் நகர்த்தும்போது அது கியர்பாக்ஸின் தோளுக்கு மேல் வந்து நிற்கும். ஒரு கேபிளை நான் குறுக்கு வழியில் அந்தப் பக்கமாக இழுத்திருந்தேன். மூன்றாவது வாரம் டிராஃபிக்கில் நின்றபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது, கியர் இரண்டிலேயே சிக்கிக்கொண்டது, வீடுவரை இரண்டிலேயே வந்தேன். கேபிளின் உறை வெல்லப்பாகு மாதிரி இழுபட்டிருந்தது. இப்போது இடப்பக்கமாகச் சுற்றி, வெப்ப உறை போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டிலேயே வீடு வர முடிந்ததற்குக் காரணம் கியர் விகிதம், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் கியர் 3.454, இரண்டு 1.947, மூன்று 1.366, நான்கு 0.972, ஐந்து 0.738, கடைசி விகிதம் (டிஃபரென்ஷியலில் குறைவது) 3.9. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் உருள்கிறது என்று வைத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் முதல் கியர் 56 கிலோமீட்டரில் முடிந்துவிடும், இரண்டு சரியாக 100ஐத் தொடும். 1,400 கிலோ காரை நகர்த்தச் செய்த முதல் கியர் 871 கிலோ காருக்குக் குட்டையாகத்தான் இருக்கும். சிக்னலில் கிளம்பி மூச்சு விடுவதற்குள் மாற்ற வேண்டும், நான் பாதி நேரம் இரண்டிலேயே கிளம்புகிறேன். ஐந்தில் 3,000 சுற்றுக்கு 122 கிலோமீட்டர், நெடுஞ்சாலைக்குத் தோதான விகிதம். டர்போ இல்லாத சுபாருவின் பெட்டிகளில் கடைசி விகிதம் 4.111 இருக்கும், அது இன்னும் குட்டை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

"சுபாரு ஐந்து கியர் பெட்டி கண்ணாடி மாதிரி உடையும்" என்று சொல்வார்களே, அது? பாதி உண்மை. நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் கனமான வண்டியில் நாலு டயரும் தரையைக் கவ்விக்கொண்டிருக்கும்போது கிளட்சைத் தூக்கிப்போட்டால் அதிர்ச்சி போவதற்கு வேறு இடம் இல்லை, பல்தான் வாங்கிக்கொள்ளும். என் காரில் இரண்டு டயர்தான், எடையும் இல்லை, பல் உடைவதற்கு முன்னால் டயர் வழுக்கிவிடும். ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. முன்பு பாதிச் சக்தியை வாங்கிய அந்தச் சின்ன டிஃபரென்ஷியல் இப்போது முழுவதையும் வாங்குகிறது. நான் எஞ்சினை நிறுவனம் கொடுத்த 227 குதிரைத்திறனிலேயே விட்டிருக்கிறேன். 400க்கு ஏற்றப்போகிறவர்கள் இதைப் படித்து என்னை நம்பி வாங்க வேண்டாம், ஆடி 01ஈ ஆறு கியர் பெட்டியைப் பாருங்கள், எஞ்சினோடு பொருத்தச் சேர்ப்புத் தட்டு வாங்கவேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், நிறுவனத்திலிருந்து வரும் முன் டிஃபரென்ஷியல் ஓப்பன் வகை. முன்னால் இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. பின்னால் வந்ததும், வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்பக்க டயர் மட்டும் புகைகிறது, கார் நகரமாட்டேன் என்கிறது. முதல் மழையிலேயே இது தெரிந்துவிட்டது. ஒரு டயர் வழுக்கினாலும் மற்றதுக்குச் சக்தியை அனுப்பும் குவைஃப் ஹெலிகல் டிஃபரென்ஷியல் ஒன்றைப் போட்ட பிறகுதான் இது வேறு கார் ஆனது. ஸ்பூல் மாதிரி இது பின்பக்கமாகச் செய்கிற வேலை இல்லை, பெட்டியை முழுக்க இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும், ஆகவே முதல் தடவையே செய்துவிடுங்கள். நான் இரண்டு தடவை இறக்கினேன். மொத்தச் செலவில் பெட்டியின் விலை 400 டாலர், டிஃபரென்ஷியலின் விலை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

400 டாலர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. விற்ற பழைய உதிரிபாகக் கடைக்காரர் 80,000 மைல் ஓடியது, உள்ளே பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார். வீட்டில் ஆயிலை வடித்தால் வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒரு பல்லின் மூலை ஒட்டிக்கொண்டிருந்தது, அரிசி நொய் அளவுக்கு. ரிவர்ஸ் கியரின் பல், நல்லவேளை. திரும்பக் கொண்டுபோனால் "கழற்றிவிட்டீர்கள், இனி வாங்க முடியாது" என்றார். பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், கடையிலேயே வடிகால் போல்ட்டைத் திறந்து காந்தத்தைப் பாருங்கள். பசை மாதிரி சாம்பல் நிறத் தூள் இருந்தால் சாதாரணம். விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்று மணல்போல இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திறக்க விடமாட்டேன் என்று சொல்கிற கடையிலும் வாங்க வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு தருவேன். குறைத்த ஒன்று கேபிளுக்கும் முதல் கியருக்கும். ஆயில் மாற்றுவது மூன்றரை லிட்டர், 75டபிள்யூ-90, கால் மணி நேர வேலை. 6,000 மைலில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின்னால் ஒரு சன்னமான ஊளைச் சத்தம் நாலாவது கியரில் உண்டு, காருக்குள் கம்பளம், தகடு எதுவும் இல்லாததால் கேட்கிறது, வீட்டம்மா முதல் தடவை உட்கார்ந்தபோது "கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்கே" என்றாள், இரண்டாம் தடவை வரவில்லை.

போன மாதத்திலிருந்து குளிரில் இரண்டாவது கியர் விழும்போது லேசாக உரசுகிறது, பத்து நிமிடம் ஓடிய பிறகு சரியாகிவிடுகிறது. சின்க்ரோ, அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், தேய்ந்திருக்கிறது. டிசம்பரில் பெட்டியை மூன்றாவது முறையாக இறக்கப்போகிறேன், நண்பனிடம் சொல்லிவிட்டேன், காபி அவனே கொண்டுவருவதாகப் பேச்சு.